கோமுவின் புகார்கள்

காலையில் டேப் கணினியைத் திறந்ததுமே கோமுவின் புகார் வந்து நின்றது. இடது பக்கச் சக்கரத்தில் பிரேக் சூடாக இருக்கிறதாம். டயர் ஒரே பக்கமாக அமுங்கிப் போகாமல் இருக்க வாரம் ஒருமுறை டிராக்டர் வைத்துக் கொஞ்சம் உருட்டுவார்கள். அதைத் தவிர நான்கு வருஷமாக நின்ற இடத்தைவிட்டு அசையாத விமானத்துக்கு பிரேக் எப்படிச் சூடாகும்? ஜெபக்கனி இந்தக் கேள்வியைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். போன வாரம் கோமுவுக்கு வால் பக்கம் அதிர்வு. அதற்கு முந்தைய வாரம் கழிவறைத் தொட்டியில் கசிவு. தொட்டியில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

“ஒன் செல்லம் கூப்புடுதா,” என்று டேப்பைப் பால்வண்ணத்திடம் நீட்டினாள்.

பால்வண்ணம் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தான். “போய்ப் பாத்துட்டு வாரேன்க்கா.”

“என்னத்தப் பாக்கப் போற? ஒண்ணும் இருக்காது.”

“இருக்காதுதான். ஆனாலும் கூப்புட்டுட்டால்லா.”

கருவேலங்குளம் விமான நிறுத்தத்தில் எல்லாருக்கும் பழகிப்போன பேச்சு இது. சாத்தூருக்குத் தெற்கே, மழை எட்டிப் பார்க்கவே யோசிக்கிற பொட்டல் அது. மனிதர்களுக்குச் சாபமான அந்த வறட்சி விமானங்களுக்கு வரம், உலோகம் துருப்பிடிக்காது. எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருஷம், பறக்க வழியில்லாத விமானங்களை வரிசையாகக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். இன்ஜின்களுக்கு உறை போட்டு, ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டி, காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்களில் குளவி கூடு கட்டாதபடி சிவப்பு நாடா தொங்கும் மூடிகளை மாட்டினார்கள். விமானத்தின் பதிவு எழுத்துகளை வைத்து ஆளாளுக்குப் பெயரும் சூட்டினார்கள். கே.எம்.யூ. என்று முடிந்தவள் கோமு ஆனாள். எஸ்.எல்.வி. என்று முடிந்தவள் செல்வி.

இப்போது தட்டுப்பாடு தீர்ந்து, ஒவ்வொன்றாக எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிய விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் உரிமம் ஜெபக்கனியிடம் இருந்தது. கையெழுத்துப் போட்டவரே முதல் சோதனைப் பயணத்தில் ஏறி உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். விதிப் புத்தகம் எதிலும் இது இல்லை. ஆனால் தான் ஏறத் துணியாத விமானத்தில் ஊரான் பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று ஜெபக்கனி கேட்பாள். இதுவரை அனுப்பிய ஒவ்வொன்றிலும் அவள் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கீழே கரிசல் காடு சின்னதாகிப் போவதைப் பார்த்திருக்கிறாள். பறக்க அவளுக்குப் பயம்தான். ஒவ்வொரு முறையும் ஏறுவாள்.

கோமுவுக்குத்தான் அந்த முறை வரவே இல்லை. பறக்க விடும் முன், நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் தரைச் சோதனையை இரண்டு முறை வைத்தார்கள். இரண்டு முறையும் ஏதாவது ஒரு புகார் சொல்லி, தானே தன் காரியத்தைக் கெடுத்துக்கொண்டாள்.

விமான நிறுவனத்திலிருந்து வர்ஷினி வந்தாள். எந்த விமானத்தைப் பறக்க விடுவது, எதை உடைத்து உதிரிபாகமாக விற்பது என்று முடிவு செய்பவள். சின்ன வயது, நேராகப் பேசுவாள். கோமுவின் இறக்கை நிழலில் நின்றுகொண்டு கேட்டாள்.

“இதோட நாடியை அழிச்சிட்டுப் புதுசா போட்டா என்ன மேடம்?”

நாடி என்பது அந்த நிறுவனத்தின் எல்லா விமானங்களிலும் இருக்கும் மென்பொருள். ஆயிரக்கணக்கான சென்சார்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது உடம்புக்கு ஆகவில்லை என்று தோன்றினால் மனிதர்களுக்குப் புரிகிற வாக்கியத்தில் டேப்புக்குச் செய்தி அனுப்பும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே கற்றுக்கொள்ளும்.

“தாராளமா அழிக்கலாம்,” என்றாள் ஜெபக்கனி. “ஆனா புது நாடிக்கு இந்த விமானத்தோட உடம்பு தெரியாது. சிலதுக்கு வலது இன்ஜின் கொஞ்சம் சூடாத்தான் ஓடும். அதுக்கு அதுதான் சரி. இதையெல்லாம் பழகிக்க ஒரு வருஷமாவது பறக்கணும். அதுவரைக்கும் அந்தக் காலத்து மாதிரி ஒவ்வொண்ணையும் ஆள் வெச்சுக் கையால பாக்கணும்.”

“அவ்வளவு ஆள் எங்க இருக்காங்க?”

“நாடி வந்ததும் நீங்கதான் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க.”

வர்ஷினி அதற்குக் கோபப்படவில்லை. “நான் சேர்றதுக்கு முன்னாடி நடந்தது அது. சரி, இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். அதுல ஒரு புகார் வந்தாலும் இதை உடைக்கச் சொல்லிடுவேன். இன்ஜினுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க. எனக்கும் ஆசையில்ல மேடம், மேல இருக்கவங்களுக்கு நான் பதில் சொல்லணும்.”

பால்வண்ணம் சற்றுத் தள்ளி நின்று, இல்லாத தூசியைச் சக்கரத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் போன போக்கை ஜெபக்கனி பார்த்தாள்.

மறுநாள் மதியம் கோமு கூப்பிட்டபோது பால்வண்ணத்தோடு ஜெபக்கனியும் போனாள். அவன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவன் கதவைத் திறந்து உள்ளே காற்றோட விட்டான். பேட்டரியைச் சார்ஜில் போட்டான். புகார் சொன்ன இடத்தைத் தடவிப் பார்த்து, துடைத்து, “ஒண்ணுமில்ல தாயி, நல்லாத்தான் இருக்க,” என்றான். பிறகு பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தான்.

“பதில்ல என்ன போட்ட?” என்று கேட்டாள்.

“எதுல?”

“டேப்புல. புகாருக்குப் பதில்னு ஒரு இடம் இருக்கே.”

பால்வண்ணம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். “அதுல ஒண்ணும் போடமாட்டேன்க்கா.”

“நாலு வருஷமாவா?”

“‘பழுது இல்லை’ன்னு போட்டா பொய்ப் புகார்னு அவ பேருலதான ஏறும்? பொய்க்காரின்னு பேராயிட்டா நாளைக்கு எவன் வாங்குவான்? பாவம்லா.”

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தவளுக்கு, பாதிச் சிரிப்பிலேயே விஷயம் பிடிபட்டது.

“வண்ணம், இவ ஏன் இப்படிப் புகார் சொல்லிக்கிட்டே இருக்கான்னு தெரியுதா? நீ வரணும்னுதான்.”

“நெசமாவா?” அவன் முகம் மலர்ந்தது.

“ரொம்பக் குளுந்துராத. பாசமெல்லாம் இல்ல, கணக்கு. ஒரு புகார் சொன்னா நீ வாற. நீ வந்தா பேட்டரி ஏறுது, உள்ள சூடு குறையுது, தூசி போகுது. சென்சார் எண்ணெல்லாம் நல்லா ஆகுது. புகார் சொன்னா நல்லது நடக்கும்னு படிச்சிருக்கா. அது தப்புன்னு நீ ஒரு தடவையாவது சொல்லியிருந்தா திருத்திக்கிட்டிருப்பா. நீதான் பேரு கெட்டுரும்னு வாயவே தொறக்கலியே.”

பால்வண்ணம் டப்பாவைக் கீழே வைத்தான். “எங்க வீட்டுல சின்னவளும் பள்ளிக்கொடம் போற நேரத்துல வயித்த வலின்னுதான் சொல்லுவா. அதுவும் கணக்குதானாக்கா?”

“சாப்புடு,” என்றாள் ஜெபக்கனி.

வைத்தியம் எளிதாகத்தான் தெரிந்தது. கோமு கூப்பிட்டால் போகக் கூடாது. கூப்பிடாத நாளில் போய் எல்லாம் செய்ய வேண்டும். புகார் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று தெரிந்தால் தானாக நிறுத்திக்கொள்வாள். ஒவ்வொரு புகாருக்கும் உட்கார்ந்து பதில் எழுதித் திருத்த மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் அவர்களுக்கு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கோமுவின் பழைய நாடியை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு ஜெபக்கனி வேலையை ஆரம்பித்தாள்.

முதல் வாரம் கோமு கத்தித் தீர்த்தாள். பிரேக் என்றாள், பேட்டரி என்றாள், ஒரே நாளில் ஏழெட்டுப் புகார். கோமு நிற்பது அங்கிருக்கும் ஒரே வேப்பமரத்துக்குப் பக்கத்தில். ஆட்கள் எல்லாரும் அதன் நிழலில்தான் சாப்பிடுவார்கள். பால்வண்ணம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான். சாப்பாடு இறங்காமல் பாதியை நாய்க்குப் போட்டான். இரண்டாவது வாரம் புகார் குறைந்தது. மூன்றாவது வாரம் நின்றே போனது.

தரைச் சோதனையில் கோமு வாயே திறக்கவில்லை. இன்ஜின்கள் இரண்டும் முழு வேகத்தில் ஓடி அடங்கின. டேப்பில் பச்சை எழுத்தில் ‘எல்லாம் நலம்’ என்று மட்டும் வந்தது. பால்வண்ணம் கோவில்பட்டிக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தான். ஜெபக்கனிக்கும் அன்று வாயெல்லாம் பல்.

சோதனைப் பயணத்தன்று காலை வர்ஷினி செல்வியில் வந்து இறங்கினாள். செல்வி இரண்டு மாதம் முன்பு இங்கிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவள். உதிரிபாகங்களை இறக்கிவிட்டு மதியம் சென்னைக்குத் திரும்பி, சாயங்காலம் பயணிகளோடு கொழும்புக்குப் போக வேண்டும். மினுமினுவென்று நின்றாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்ததுபோல எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஜெபக்கனி கோமுவைச் சுற்றி நடந்தாள். சிவப்பு நாடா மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையாலேயே எண்ணி வைத்தாள். இடது சக்கரக் காலுக்கு அடியில் குனிந்தவள் அப்படியே நின்றாள். உலோகத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய ஈரம். விரலால் தொட்டதும் லேசாக எரிந்தது. ஹைட்ராலிக் எண்ணெய். சக்கரத்தை மடக்கவும் இறக்கவும் இறக்கையின் பாகங்களை அசைக்கவும் அழுத்தம் கொடுப்பது அதுதான். வருஷக்கணக்கில் நின்ற விமானத்தில் ரப்பர் வளையம் காய்ந்து இப்படிக் கசிவது சகஜம். அரை மணி நேர வேலை.

அவளை உலுக்கியது கசிவு அல்ல. டேப்பில் அப்போதும் ‘எல்லாம் நலம்’ என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

நாடி கேட்பது எல்லாம் உள்ளே எண்களாகக் கிடக்கும். அது சொல்ல நினைப்பது மட்டும்தான் டேப்புக்கு வரும். அந்த எண்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதற்குத்தானே நாடியே வந்தது. ஜெபக்கனி திறந்து பார்த்தாள். பத்து நாளாக அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தது. கோமுவுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை.

“அவ பொய் சொல்லாம இருக்கக் கத்துக்குடுக்கிறோம்னு நெனச்சோம்,” என்றாள் பால்வண்ணத்திடம். “வாய மூடக் கத்துக்குடுத்திருக்கோம்.”

பால்வண்ணம் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “வளையம் ஸ்டோர்ல இருக்குக்கா. மாத்திருவோம். இவ பறந்துட்டு வந்துரட்டும். அப்புறமா மெதுவாச் சொல்லிக்குடுப்போம். இப்பச் சொன்னா உடைச்சுருவாங்கக்கா.”

அவன் கெஞ்சியது அவளுக்குப் பொறுக்கவில்லை. கோமுவை அவளுக்கும் பிடிக்கும். இத்தனை வருஷம் இந்தப் பொட்டலில் விடாமல் கூப்பிட்ட ஒரே ஜீவன் அது. சரி என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வேறொரு நினைப்பு அவளைப் பிடித்து நிறுத்தியது.

“மூணே வாரத்துல கத்துக்கிட்டாளே வண்ணம்.”

“ஆமா, கெட்டிக்காரி.”

“மத்ததெல்லாம் கூப்பிட்டப்போ நாம எத்தன தடவ போயிருக்கோம்?”

அவன் வரிசையாக நின்ற விமானங்களைத் திரும்பிப் பார்த்தான். தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது அத்தனை விமானத்துக்கும் அங்கே ஆறே பேர்தான். உறை மாற்றவும் டயர் உருட்டவுமே பொழுது போதாது. ஆரம்பத்தில் எல்லா விமானங்களிலிருந்தும் புகார் வந்துகொண்டுதான் இருந்தது. போக ஆளில்லை. பிறகு வருவது நின்றது. நிலைமைக்குப் பழகிவிட்டன என்று எல்லாரும் நினைத்தார்கள். தொந்தரவு தராத நல்ல பிள்ளைகள் என்று பெயர் வேறு கொடுத்தார்கள். வேப்பமரம் பக்கத்தில் இருந்ததால் கோமுவுக்கு மட்டும் ஒரு ஆள் வந்தான்.

ஜெபக்கனி அடுத்து நின்ற விமானத்துக்கு நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள். அதன் எண்களைத் திறந்தாள். மழைக்காலத்திலிருந்து ஒரு டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. புகார் எதுவும் இல்லை. அதற்கு அடுத்ததில் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. எல்லாம் நலம். அவள் திரும்பி, தூரத்தில் மினுமினுத்து நின்ற செல்வியைப் பார்த்தாள்.

செல்வியின் பைலட்டுகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறி, அவளுடைய எண்களைத் திறந்தாள். வலது இன்ஜினில் அதிர்வு, இரண்டு வாரமாக, ஒவ்வொரு பயணத்திலும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம். விமானியின் எச்சரிக்கை விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அந்த விளக்கு எரிவதற்கு முன்பே சொல்லத்தான் நாடி. செல்வி இரண்டு வாரமாக அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொழும்புக்கும் மதுரைக்கும் ஆட்களைச் சுமந்துகொண்டு பறந்திருக்கிறாள். அவளுக்குக் கையெழுத்துப் போட்டவள் ஜெபக்கனி. எல்லாம் நலம் என்பதை நம்பி முதல் பயணத்தில் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான்.

வர்ஷினி ஆபீஸ் அறையில் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டாள்.

“இங்கேர்ந்து போன எல்லாமே இப்படித்தானா?” என்றாள் கடைசியில்.

“எல்லாம்தான்னு நெனைக்கிறேன். மத்த ஊர் நிறுத்தங்கள்லயும் ஆள் கம்மிதான். அங்கயும் இப்படித்தான் இருக்கும்.”

“வரும்போது நான் நல்லா தூங்கிட்டே வந்தேன் மேடம்.” வர்ஷினி கையைக் கோத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். “இதை நான் மேல சொன்னா எல்லாத்தையும் தரையில நிறுத்தணும். பேப்பர்ல வரும். கருவேலங்குளத்தையே மூடச் சொல்லலாம். உங்க லைசென்ஸையும் கேப்பாங்க.”

“தெரியும்.”

“அந்தக் கசிவை மட்டும் சரி பண்ணிட்டு கோமுவை அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“சாயங்காலம் செல்வியில ஏறப்போறவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள் ஜெபக்கனி. “போனைப் போடுங்க மேடம். எனக்குப் பயமாத்தான் இருக்கு. நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள போட்டுருங்க.”

வர்ஷினி போனைப் போட்டாள். பேசி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, இனி தான் எப்படி ஊருக்குப் போவது என்று கேட்டாள். பால்வண்ணம் அவளைத் தன் பைக்கில் சாத்தூர் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டான்.

அதன் பிறகு நடந்தது எதுவும் சுகமாக இல்லை. விமானங்கள் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கேயே நிறுத்தப்பட்டன. திருமணத்துக்கும் துக்கத்துக்கும் போக முடியாமல் ஜனங்கள் நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய ஆட்களில் பலரை மறுபடி கூப்பிட்டார்கள், டிக்கெட் விலை ஏறியது, அதற்கும் திட்டினார்கள். ஜெபக்கனியின் உரிமத்தை விசாரணை முடியும் வரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கருவேலங்குளத்தை மூடவில்லை. மூட முடியாமல் போனது கோமுவால்.

சரியாகச் சொன்னால், ஜெபக்கனி எடுத்து வைத்திருந்த அவளுடைய பழைய நாடியின் நகலால். நிறுவனத்தின் அத்தனை விமானங்களிலும், கூப்பிட்டால் ஆள் வரும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஒரே நாடி அதில் இருந்தது. மற்றவற்றுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க அதைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்று நிபுணர்கள் பெங்களூரிலிருந்து வந்து சொன்னார்கள். கோமுவை உடைக்கும் பேச்சு அதோடு நின்றது. பழைய நாடியை அவளுக்கே திரும்ப ஏற்றினார்கள். ஏற்றிய அரை மணி நேரத்தில் பிரேக் சூடு என்றாள். பால்வண்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். போய்ப் பார்த்துவிட்டு, முதல் முறையாகப் பதிலும் எழுதினான்: பார்த்தேன், பழுது இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் போனான், கண்டதைக் கண்டபடி எழுதினான். நாலைந்து மாதத்தில் வெட்டிப் புகார்கள் குறைந்து, நிஜமானவை மட்டும் மிஞ்சின. கோமு பறந்துவிட்டு வந்தாள். உரிமம் இல்லாவிட்டாலும் ஜெபக்கனி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனாள்.

மற்றவை ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கியபோதும் செல்விதான் பேசவில்லை. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தாகிவிட்டது. யார் போனாலும் வந்தாலும் எல்லாம் நலம் என்பதையே சொல்லிக்கொண்டு, ஓடுபாதை ஓரத்தில் தனியாக நின்றாள். இவளுக்குத் தானேதான் போக வேண்டும் என்று ஜெபக்கனி பிடிவாதமாக இருந்தாள். தினமும் நடந்து போய்க் கதவைத் திறந்து, காற்றோட விட்டு, எண்களைப் பார்த்து, இன்றைக்கு இது இப்படி இருக்கிறது என்று எழுதிவிட்டு வருவாள். கூப்பிடாத இடத்துக்கு எத்தனை நாள் போவது என்று நிபுணர்கள் கேட்டார்கள். அவள் மறுநாளும் போனாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் டேப்பில் ஒரு வரி வந்தது. செல்வியின் பின்வாசல் கதவு ரப்பரில் தூசி படிந்திருக்கிறதாம். முந்தின நாள்தான் ஜெபக்கனி அதைத் துணி போட்டுத் துடைத்திருந்தாள். அங்கே தூசி இருக்க வழியே இல்லை.

அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுபாதை நெடுக நடந்தாள். படியேறிப் பின்வாசல் கதவைத் திறந்து, ரப்பரை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அழுகை வந்தது, கேட்க யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பதிலில் எழுதினாள்: உடனே வந்து பார்த்தேன், தூசி இல்லை. அதற்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது. உடனே கிளம்பவும் மனமில்லாமல், பின்வரிசையில் ஒரு சீட்டின் உறையை விலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.